கிரையோ-இஎம் போஸ்ட்டாக் போகிறவர்களுக்கு: ஒப்பந்தக் காலம் எங்கே கரைகிறது

கிரையோ-இஎம்மில் (புரதத்தை உறையவைத்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முறை) போஸ்ட்டாக், அதாவது பி.எச்டிக்குப் பிறகான தற்காலிக ஆய்வு வேலை, கிடைத்திருக்கிறது என்று ஜூனியர்கள் யாராவது போன் செய்தால் அடுத்த வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, அவங்ககிட்ட சொந்தமாவே டைட்டன் கிரியோஸ் இருக்குங்க." இருக்கட்டும். அந்த 300 கிலோவோல்ட் மைக்ரோஸ்கோப் நிற்கிற கட்டடத்தில் வேலை கிடைப்பது வேறு, அதில் உங்கள் கிரிட் (சாம்பிள் ஏற்றும் சிறு வலைத் தகடு) ஏறுவது வேறு. ஜெர்மனியில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இந்த வேலையைப் பார்த்துவிட்டுச் சேலம் திரும்பியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் போன பிறகுதான் உருப்படியான டேட்டா கைக்கு வந்தது. அதுவரை தினமும் லேபுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன், சும்மா இருந்த நாள் கிடையாது. நேரம் எந்தெந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை, கேட்க ஆளும் இல்லை. பெரியார் பல்கலைக்கழகத்திலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி முடித்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் அந்த ஓட்டைகளைக் கிளம்பும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரதம் இருக்கும் கரைசலை, தண்ணீர் படிகமாவதற்கு நேரம் கொடுக்காமல், கண்ணாடிபோல உறையவைத்து எலக்ட்ரானால் படம் எடுப்பதுதான் வேலை. இதற்காக 2017இல் ஷாக் துபோஷே, யோகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தக் கண்ணாடிப் பனி மைனஸ் 140 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரைதான் கண்ணாடி. அதைத் தாண்டிச் சூடேறினால் படிகமாகிவிடும், திரும்பக் குளிரவைத்தாலும் பழைய நிலைக்கு வராது. திரவ நைட்ரஜன் நம் ஊருக்குப் புதிதல்ல. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக் குச்சிகள் கிடக்கும் கேனில் இருப்பது அதேதான். ஆனால் அந்தக் குச்சியை வெளியே எடுத்து ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிற சலுகைகூட இங்கே இல்லை. 3 மில்லிமீட்டர் அகலமுள்ள கிரிட்டில் பனியின் தடிமன் 20 முதல் 100 நானோமீட்டர்தான். அறைக் காற்றில் எடுத்த கையோடு போய்விடும்.

முதல் ஓட்டை சாம்பிள். நேர்காணலில் "சாம்பிள் ரெடி, வந்ததும் கிரிட் போடலாம்" என்றார்கள். போய்ப் பார்த்தால் ஃப்ரீசரில் 10 சதவீத கிளிசரால் கலந்து உறையவைத்த பழைய டியூப்கள். கிளிசரால் கலந்தால் கரைசலின் அடர்த்தி ஏறிப் புரதத்துக்கும் பின்னணிக்கும் வித்தியாசமே தெரியாமல் போகும். படத்தில் சாம்பல் நிறத்துக்குள் சாம்பல் நிறம்தான். அன்றைக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, செல் வளர்ப்பதிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதனால் ஒப்புக்கொள்ளும் முன் மூன்று படங்களை அனுப்பச் சொல்லுங்கள்: சைஸ் எக்ஸ்க்ளூஷன் வரைபடம் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டுவது), அந்தப் பீக்கின் எஸ்டிஎஸ் ஜெல் (புரதம் சுத்தமா என்று காட்டுவது), நெகட்டிவ் ஸ்டெயின் படம் (உறையவைக்காமல் சாயமேற்றி எடுப்பது). வரைபடத்தில் ஒற்றைப் பீக் சமச்சீராக இருக்க வேண்டும், தொடக்கத்தில் கட்டிகட்டியாகச் சேர்ந்த புரதம் அதிகம் வரக் கூடாது. நெகட்டிவ் ஸ்டெயினுக்கு மில்லிலிட்டருக்கு 0.01 முதல் 0.02 மில்லிகிராம் போதும், யுரானைல் அசிடேட் 1 முதல் 2 சதவீதம், 120 கிலோவோல்ட் சாதாரண மைக்ரோஸ்கோப். அரை நாள் வேலை. அதிலேயே துகள்கள் உடைந்தும் ஒட்டியும் கிடந்தால் கிரையோவில் சரியாகும் என்று நம்பி இறங்க வேண்டாம். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் "ரெடி" என்பதற்கு ஆறு மாதம் என்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள்.

புரதத்தின் மூலக்கூறு எடையையும் கேளுங்கள். 100 கிலோடால்டனுக்குக் கீழே போகப்போகக் கஷ்டம் ஏறும், 50க்குக் கீழே என்றால் இரண்டு வருடத்தை அதில் பணயம் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். சமச்சீர் உள்ள பெரிய வைரஸ் கூடுகள் எளிது. நம் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டில் இலை மஞ்சள் பாய்ந்து சுருளுகிற தேமல் நோயைக் கொண்டுவரும் ஜெமினி வைரஸ் குடும்பத்தின் கூட்டை இந்த முறையில்தான் நுணுக்கமாகப் பார்த்தார்கள்: இரண்டு அரைக்கூடுகள் ஒட்டிய உருவம், ஒரே புரதத்தின் 110 பிரதிகள், நீளம் 38 நானோமீட்டர்போல. சேலத்து ஆள் யாராவது அதை எடுத்துச் செய்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு ஆசை உண்டு, அது தனிக் கதை.

அடுத்தது கிரிட் உறையவைப்பது. நாள்கள் அதிகம் செத்தது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திரவ நைட்ரஜனில் நேரடியாக முக்கினால் ஆகாது. கொதிநிலையில் இருக்கிற நைட்ரஜன் சூடான பொருளைத் தொட்டதும் ஆவியாகி நடுவே வாயுப் படலம் கட்டிவிடும். குளிர்ச்சி மெதுவாகும், தண்ணீர் படிகமாகும். அதனால் ஈத்தேன். அது மைனஸ் 89இல் கொதித்து மைனஸ் 183இல் உறைவதால், உறைநிலைக்குச் சற்று மேலே வைத்திருந்தால் ஆவியாகாமல் வெப்பத்தை உறிஞ்சும். பித்தளைக் கிண்ணத்தைச் சுற்றி நைட்ரஜன் ஊற்றி, கொதிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ஈத்தேன் வாயுவைக் குழாய் முனையால் கிண்ணத்தின் சுவரோரம் மெதுவாக விட வேண்டும். நிரம்பிய பின் விளிம்பில் வெள்ளையாக உறையத் தொடங்கும் நேரம்தான் சரியான பதம். அப்போது நைட்ரஜனின் குளிரைக் கிண்ணத்துக்குக் கடத்த மேலே வைத்திருக்கும், சிலந்திக் கால்போன்ற உலோகத் துண்டை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் கிண்ணம் முழுக்கக் கட்டியாகிவிடும், அதில் கிரிட் இறங்கினால் வளைந்துபோகும். ஈத்தேன் 37, புரோப்பேன் 63 என்ற கலவையில் இந்தத் தொல்லை இல்லை, நைட்ரஜன் வெப்பநிலையிலும் திரவமாகவே இருக்கும். லேபில் அந்த சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுமே தீப்பிடிக்கும் வாயு, ஆகவே வெளியேற்ற விசிறிக்குக் கீழேதான் வேலை. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும், சின்ன அறையில் ஆக்சிஜன் அளவுமானி இல்லாமல் நிற்காதீர்கள், நைட்ரஜன் கேனோடு லிஃப்ட்டில் ஆள் ஏறவே கூடாது.

கிரிட்டுக்கு வருவோம். குவாண்டிஃபாயில் ஆர்1.2/1.3 (துளைகள் உள்ள கரிப் படலம் போட்ட கிரிட்), 300 மெஷ், செம்பு அல்லது தங்கம்: தொடங்க இது போதும். நூறு கிரிட் பெட்டி சில நூறு யூரோ ஆகும், அதனால் புதியவர் கையில் கொடுக்கக் கஞ்சத்தனம் காட்டுவார்கள். பழைய, கிழிந்த கிரிட்டுகளைக் கேட்டு வாங்கிப் பழகுங்கள். குளோ டிஸ்சார்ஜ் (கரியில் தண்ணீர் பரவும்படி செய்யும் மின்வெளியேற்றம்) 15 மில்லியாம்பியரில் 30 விநாடியிலிருந்து ஆரம்பிக்கலாம், முடிந்து அரை மணி நேரத்துக்குள் சாம்பிள் ஏற்ற வேண்டும். அப்படியே வைத்திருந்தால் கரி மறுபடி தண்ணீரை விலக்கத் தொடங்கிவிடும். விட்ரோபாட்டில் (மிஞ்சிய கரைசலை உறிஞ்சிவிட்டுக் கிரிட்டை ஈத்தேனில் முக்கும் கருவி) 4 டிகிரி, ஈரப்பதம் 100 சதவீதம், 3 மைக்ரோலிட்டர், உறிஞ்சும் நேரம் 3 முதல் 5 விநாடி. உறிஞ்சும் விசை என்று ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை யாருடைய ஆய்வுக் கட்டுரையிலிருந்தோ எடுத்து அப்படியே போடாதீர்கள். ஒவ்வொரு கருவியிலும் பேட் நிற்கும் நிலை வேறு, ஒரு கருவியின் மைனஸ் 5 இன்னொன்றில் பிளஸ் 2 ஆக இருக்கலாம். உறிஞ்சுதாளை நேரத்துக்கு மாற்றுங்கள், நனைந்த தாள் உறிஞ்சாது, பனி தடிக்கும். இன்னொன்று: சாதாரண உறிஞ்சுதாளில் கால்சியம் உண்டு. உங்கள் புரதம் கால்சியத்துக்கு உருமாறும் ரகம் என்றால், ஏன் எப்போதும் ஒரே நிலை தெரிகிறது என்று மாதக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கிரிட்டை முக்கி முடித்தபின் ஈத்தேனிலிருந்து நைட்ரஜனுக்கு மாற்றும் அந்த நொடியில் கை நடுங்கக் கூடாது. இடுக்கியின் இரு கால்களுக்கு நடுவே ஈத்தேன் ஏறி நிற்கும். அது வடிய, குளிர் ஆவிக்குள்ளேயே ஒரு கணம் நிறுத்திவிட்டு நைட்ரஜனுக்குள் கொண்டுபோங்கள். இல்லையென்றால் கிரிட் மேல் ஈத்தேன் உறைந்து படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அடுத்த எதிரி காற்று ஈரம். மூச்சுக் காற்றே போதும், முகக்கவசம் போடுங்கள். இடுக்கி, பெட்டி மூடி, திருகு எதையும் நைட்ரஜனில் விடும் முன் ஹேர் டிரையரால் காயவையுங்கள். நைட்ரஜனுக்குள் வெள்ளைத் துகள் மிதக்கத் தொடங்கினால் அந்த நைட்ரஜனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், மேலே மேலே ஊற்றிக்கொண்டிருந்தால் துகள் சேரத்தான் செய்யும். ஜெர்மனியில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு கிடக்கும், அப்போது எடுத்த கிரிட்டுகள் சுத்தமாக இருந்தன. கோடையில் அதே கை, அதே முறை, கிரிட் முழுக்கப் பனிக் கற்கள். நம் ஊரில் ஐப்பசி மழையில் ஈரம் உறிஞ்சும் எந்திரம் இல்லாமல் இந்த வேலைக்கு வழியே இல்லை. ஏற்காட்டில் மூட்டம் இறங்கும் நாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அறை ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று லேப் சுற்றிக் காட்டும்போதே சுவரில் இருக்கும் மீட்டரைப் பாருங்கள்.

இத்தனையும் சரியாக வந்தபிறகும் புரதம் சதி செய்யும். மெல்லிய நீர்ப்படலத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் முக்குவதற்கு முன்பே காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் பலமுறை மோதிவிடும். சில அங்கேயே பிரிந்து விரிந்துவிடும், சில ஒரே பக்கமாகப் படுத்துவிடும். ஒரே பக்கமாகப் படுத்தால் 2டி கிளாஸ்கள் (ஒத்த துகள்களைச் சேர்த்த சராசரிப் படங்கள்) அழகாக இருக்கும், 3டி மேப் ஒரு திசையில் இழுபட்டு நீளும். உறைவதற்குச் சற்றுமுன் ஃப்ளூரினேட்டட் ஆக்டைல் மால்டோசைடு அல்லது சாப்ஸோ என்ற டிடெர்ஜென்ட் கொஞ்சம் சேர்ப்பது முதல் மருந்து. சாப்ஸோ போட்டால் புரதச் செறிவைப் பல மடங்கு ஏற்ற வேண்டிவரும், அதற்குத் தேவையான சாம்பிள் இருக்கிறதா என்று முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து கிராபீன் ஆக்சைடு படலம். கடைசியாக 30 டிகிரி சாய்த்துப் படம் எடுப்பது: பனி தடிப்பாகும், துகள் அசைவு கூடும், ஆனால் மேப் காப்பாற்றப்படும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நோட்டில் கிரிட் பெட்டியின் எண், குழி எண், தேதி, விசை, நேரம், கரைசல் எல்லாம் அன்றன்றைக்கே எழுதியாக வேண்டும். லேபின் நைட்ரஜன் தொட்டியில் நூற்றுக்கணக்கில் பெட்டிகள் கிடக்கும், நினைவை நம்ப முடியாது.

அடுத்த பெரிய ஓட்டை, கருவிக்குக் காத்திருக்கும் வரிசை. ஆட்டோகிரிட் வளையத்துக்குள் கிரிட்டை வைத்து சி-கிளிப் அழுத்துவதைக் கிளிப்பிங் என்பார்கள். நைட்ரஜனுக்கடியில் செய்ய வேண்டும், கிளிப் சாய்வாக ஏறினாலோ கிரிட் வளைந்திருந்தாலோ ஆட்டோலோடர் (கிரிட்டைத் தானாக மைக்ரோஸ்கோப்புக்குள் ஏற்றும் பகுதி) சிக்கிக்கொள்ளும். சிக்கினால் மொத்த மைக்ரோஸ்கோப்பும் நிற்கும். அந்தப் பயத்தினால்தான் மையப் பொறுப்பாளர்கள் புதியவரைத் தனியாக விடுவதில்லை, அதில் தப்பும் இல்லை. ஆனால் பயிற்சிக்கே மாதக்கணக்கில் வரிசை இருக்கும் என்பதை நேர்காணலில் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அதனால் கேட்க வேண்டியது: "புதிதாக வருபவர் தனியாகக் கருவியை இயக்க அனுமதி பெற எவ்வளவு காலம் ஆகிறது? 200 கிலோவோல்ட்டில் ஸ்கிரீனிங், அதாவது கிரிட் தேறுமா என்று பார்ப்பது, எத்தனை நாளுக்கொரு முறை? கிரியோஸில் குழுவுக்கு மாதம் எத்தனை நாள், அதை எத்தனை பேர் பங்குபோடுகிறீர்கள்? கருவி பழுதாகிப் போன நாள் திரும்பக் கிடைக்குமா?" இதைப் பேராசிரியரிடம் கேட்பதைவிட அங்கே வேலை பார்க்கும் பி.எச்டி மாணவரிடம் தனியாகக் கேட்டால் உண்மை வரும். கேசட்டில் 12 கிரிட் ஏறும். ஸ்கிரீனிங் நாள் கிடைத்தால் பன்னிரண்டையும் நிரப்பிக்கொண்டு போங்கள், அதில் ஒன்று அபோஃபெரிட்டின் (நன்றாகப் படம் தரும் சோதனைப் புரதம்) கிரிட்டாக இருக்கட்டும். படம் மங்கலாக வந்தால் பழுது கருவியிலா சாம்பிளிலா என்று அதுதான் சொல்லும். 2020இல் ரெசொல்யூஷன் (எவ்வளவு நுணுக்கம் தெரிகிறது என்ற அளவு) 1.2 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.12 நானோமீட்டர், அளவுக்குப் போனது அந்தப் புரதத்தில்தான்.

டேட்டா எடுக்கும் நாளில் செய்ய வேண்டியது குறைவு, முடிவுதான் அதிகம். பிக்சல் 0.8 முதல் 1.1 ஆங்ஸ்ட்ராம், மொத்த டோஸ் சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு 40 முதல் 50 எலக்ட்ரான், டிஃபோகஸ் (துகள் தெரிய வேண்டும் என்று குவியத்தை வேண்டுமென்றே விலக்குவது) மைனஸ் 0.8 முதல் மைனஸ் 2.2 மைக்ரோமீட்டர். பிக்சலின் இரண்டு மடங்குக்குக் கீழே ரெசொல்யூஷன் போகாது. சின்ன புரதத்துக்குப் பிக்சலைக் குறைக்கலாம், பெரியதற்கு ஒரே படத்தில் நிறையத் துகள் கிடைப்பதுதான் லாபம். துளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது பனித் தடிமனில் கறாராக இருங்கள். நடுவில் துகளே இல்லாமல் ஓரத்தில் மட்டும் நெருக்கியிருந்தால் பனி மிக மெல்லியது. முதல் ஒரு மணி நேரத்துப் படங்களை உடனே மோஷன் கரெக்ஷன் (அசைவைச் சரிசெய்வது), சிடிஎஃப் (டிஃபோகஸைக் கணக்கிடுவது), 2டி வரை ஓட்டிப் பாருங்கள். சரியில்லை என்றால் அந்த ராத்திரியே கிரிட்டை மாற்றலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் பல ஆயிரம் குப்பைப் படங்கள் மட்டும் மிஞ்சும்.

பிறகு டிஸ்க். ஒரு நாள் ஓட்டத்தில் சில டெராபைட் சேரும். 5 டெராபைட்டை ஒரு கிகாபிட் வலைப்பின்னலில் நகலெடுக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், மையத்தின் சேமிப்பில் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். குழுவுக்குச் சொந்தமாக ஜிபியு உண்டா, பொதுக் கிளஸ்டரில் வரிசையா, எஸ்எஸ்டி எவ்வளவு என்பதும் கேட்க வேண்டிய பட்டியலில் சேரட்டும். மென்பொருள் ரெலியானோ கிரையோஸ்பார்க்கோ, தொடக்கத்தில் துகள்களை நான்கு மடங்கு சுருக்கி ஓட்டுங்கள். டேட்டா பதினாறில் ஒரு பங்காகும், 2டி சில மணி நேரத்தில் முடியும். தானாகப் பொறுக்கிய துகள்களில் பத்துக்கு ஒன்றிரண்டு மிஞ்சினாலே சகஜம்தான், மனம் உடைய வேண்டாம். வெறும் இரைச்சல் படங்களை ஐன்ஸ்டீன் முகத்தோடு ஒப்பிட்டு அடுக்கினால் ஐன்ஸ்டீனே வெளிப்படுவார் என்று செய்தே காட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் எதிர்பார்க்கும் உருவத்தை ரெஃபரன்ஸாகக் கொடுத்து அதே உருவம் வந்தது என்று மகிழும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ்சி (டேட்டாவின் இரு பாதிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற வரைபடம்) 0.143 கோட்டில் வரும் ரெசொல்யூஷன் எண்ணை மட்டும் பார்க்காமல் மேப்பைப் பாருங்கள்: 3.5 ஆங்ஸ்ட்ராம் என்று எண் சொன்னால் பெரிய அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மாஸ்க் (கணக்கில் சேர்க்கும் பகுதியின் எல்லை) இறுக்கமாக இருக்கிறது, அல்லது திசைக் கோளாறு. இந்தப் படி வீட்டிலிருந்தே பழகக்கூடியது. எம்பியார் (EMPIAR) என்ற இணையக் களஞ்சியத்தில் மூலப் படங்கள் இலவசம், வேலைக்குச் சேரும் முன்பே ஒரு தொகுப்பை முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டால் அங்கே போய் ஒரு மாதமாவது மிச்சம்.

பணம். ஒப்பந்தமா உதவித்தொகையா என்பதுதான் முதல் கேள்வி. இ13 (ஜெர்மன் பொதுத்துறையில் போஸ்ட்டாக்குக்கு வழக்கமானது) ஊதிய நிலையில் ஒப்பந்தம் என்றால் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்தது போக மொத்தத்தில் அறுபது சதவீதத்தை ஒட்டித்தான் கைக்கு வரும். மனைவியோ கணவரோ இந்தியாவில் இருக்கும்வரை வரியில் தனியாள் கணக்குதான், திருமணமானவர் சலுகையை வைத்து பட்ஜெட் போடாதீர்கள். உதவித்தொகை என்றால் பிடித்தம் இல்லை, ஆனால் காப்பீடு உங்கள் செலவு, வேலையில்லாக் காலப் படியும் கிடையாது. வீட்டுக்கு முன்பணம் மூன்று மாத வாடகைவரை கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான், காகிதம் தாமதமானால் அடுத்த மாதம். டிக்கெட்டும் சேர்த்து நான்கைந்து லட்சம் ரூபாய் கையில் இல்லாமல் கிளம்ப முடியாது. நான் நகைக்கடன் வைத்துத்தான் போனேன், அந்த வட்டியும் இந்தப் படிப்பின் செலவுதான். அங்கே பி.எச்டிக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஒப்பந்தம் பொதுவாக ஆறு வருடம்வரைதான் நீட்ட முடியும், ஒவ்வொரு நீட்டிப்பும் பேராசிரியரின் நிதியைப் பொறுத்தது. நிதி எந்த மாதத்தோடு முடிகிறது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், ஸ்கிரீனிங்கில் பன்னிரண்டு கிரிட்டும் வெறுமையாக வந்த நாளில் தமிழில் புலம்ப ஆள் இருக்காது. வாரம் ஒருமுறை பேச, வேறு லேபில் கிரையோ செய்யும் ஒருவரையாவது தேடி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்த பிறகுதான் வேலையும் நகர்ந்தது.

வெளிநாடு போகாமலும் இதைத் தொடங்கலாம். பெங்களூரில் என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் ஆய்வு மையம்) வளாகத்தில் கிரியோஸ் இருக்கிறது, இந்திய அறிவியல் கழகத்திலும் கிரையோ-இஎம் கருவி உண்டு, சேலத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நெகட்டிவ் ஸ்டெயின் படமும் சைஸ் எக்ஸ்க்ளூஷன் வரைபடமும் வைத்துக்கொண்டு எழுதினால் பேச்சு சீக்கிரம் நகரும். உறைந்த கிரிட்டைக் கொண்டுபோவதாக இருந்தால் திறந்த நைட்ரஜன் கேனை மூடிய ஏசி காரில் வைக்கவே வைக்காதீர்கள். டிரை ஷிப்பர் கேளுங்கள்: உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற பொருள் நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கவிழ்ந்தாலும் சிந்தாது, உள்ளே மைனஸ் 150க்குக் கீழேயே இருக்கும். முந்தின நாளே நிரப்பி, அடங்க அடங்க மறுபடி ஊற்றி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மிஞ்சிய திரவத்தைக் கொட்டிவிட்டு எடை போடுங்கள். மறுநாளும் எடை போட்டு எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். ஷிப்பரில் எழுதியிருப்பதைவிட வேகமாகக் குறைந்தால் வெற்றிடம் போயிருக்கிறது, அதில் கிரிட்டை ஏற்ற வேண்டாம்.